உங்களுக்குத் தெரியுமா? ‘பேக்கேஜ்’ மலாக்காவுக்குப் புதிதல்ல

★ கப்பலோடு என்ன விலை?

கல்யாண மண்டபம் தொடங்கி கைப்பேசி வரை இன்று எல்லாமே பேக்கேஜ். இந்த வித்தையை அமெரிக்கக் கம்பெனிகள்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தன என்று நினைப்பவர்கள் தோமே பிரெஸ் எழுதி வைத்திருப்பதைப் பார்க்க வேண்டும். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் அவர். மருந்துச் சரக்குத் தொழிலிலிருந்து வந்தவர்; ஆகவே கொள்முதல், விற்பனைக் கணக்கில் அவருக்குக் கூர்மையான கண்.

சுல்தான் காலத்து வழக்கம் என்று அவர் சொல்வது இது. மேற்கே இருந்து வந்த கப்பல், தீர்வையைக் கட்டியதும் உள்ளூர் வணிகர்கள் 10 பேரோ 20 பேரோ ஒன்றாகக் கூடுவார்கள். மூட்டை மூட்டையாகப் பேரம் கிடையாது. கப்பலில் உள்ள மொத்தச் சரக்குக்கும் ஒரே விலை பேசி முடிப்பார்கள். பிறகு அவரவர் போட்ட பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டு, தங்கள் இஷ்டப்படி சில்லறையாகவோ வேறு கப்பல்களுக்கோ விற்பார்கள்.

வந்தவனுக்கு இதில் என்ன லாபம்? காற்றுதான். பருவக்காற்று திரும்புவதற்குள் சோழமண்டலக் கரைக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு புடவைக் கட்டையும் தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்தால் ஒரு பருவம் போய்விடும். கொஞ்சம் குறைந்த விலைக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டு, கிராம்பும் ஜாதிக்காயும் ஏற்றிக்கொண்டு கிளம்புவதே புத்திசாலித்தனம். இன்று கடைகளில் ‘ஸ்டாக் கிளியரன்ஸ்’ என்று எழுதித் தொங்கவிடுகிறார்களே, அதன் கணக்கும் இதேதான்.

★ யானையும் சேர்த்து

அந்தத் துறைமுகத்தில் 4 ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர். நம்மவர்களுக்கும் வங்காளிகளுக்கும் பெகு, பாசாய் வணிகர்களுக்கும் சேர்த்து ஒருவர். ஜாவா, மலுக்குத் தீவுகள் பக்கம் ஒருவர். சீனர், சம்பா நாட்டார் பக்கம் ஒருவர். வந்து இறங்கிய வணிகரை பெண்டஹாரா எனும் முதலமைச்சரிடம் அழைத்துப் போவது, சரக்கு வைக்கக் கிடங்கு பார்ப்பது, தங்க இடம் தருவது, சரக்கு இழுக்க யானைக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அந்த ஒரே ஆள் பொறுப்பு. அரசாங்க அலுவலகங்களில் இப்போது ‘ஒரே முகப்பில் எல்லாச் சேவையும்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். யானை மட்டும்தான் அதில் இல்லை.

★ காணாமல் போன ஏடு

இதையெல்லாம் சொல்லும் தோமே பிரெஸின் கையெழுத்துப் படி 1937ல் பாரிஸில்தான் கண்டெடுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அச்சானது 1944ல்.

★ மரத்துக்கு இடையில் மரவள்ளி

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான். 1896ல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்து ஹென்றி ரிட்லி பல வருஷமாக ‘ரப்பர் போடுங்கள்’ என்று எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார். காது கொடுத்தவர் மலாக்கா பாபா சீனரான இந்தத் தான் சாய் யான். அடுத்து அசகானில் பெரிய அளவில் போட்டபோது, இடையில் மரவள்ளியையும் சேர்த்தே நட்டார். பால்மரம் வெட்டுக்கு வர 6, 7 வருஷம் ஆகும். அதுவரை கையில் காசு புரள மரவள்ளி. ஒரே நிலத்தில் நாளைய வருமானத்தையும் இன்றைய வருமானத்தையும் சேர்த்துக் கட்டிய வேலை. ரப்பர் மரங்களுக்குப் பால் வெட்டத்தான் நம் ஆட்கள் பலர் கப்பலேறி வந்தார்கள்.

★ கங்காணி கொண்டுவந்த கட்டு

பேக்கேஜ் என்பது சிரித்த முகத்தோடு மட்டும் வருவதில்லை என்பதற்குத் தோட்டத்தை விட நல்ல சாட்சி இல்லை.

கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்ப்பார். கப்பல் செலவு, வழிச்செலவு, வீட்டில் விட்டுவர முன்பணம் எல்லாம் அவர் தருவார். தோட்டத்துக்கு வந்ததும் வேலை அவர் கீழ். பல தோட்டங்களில் அரிசி, பருப்பு, கருவாடு வாங்கும் கடையும் அவருடையது, அல்லது அவருக்குப் பங்குள்ளது. ஆள் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தால், வந்த ஒவ்வொரு தலைக்கும் தினமும் 2 காசு அளவில் கங்காணிக்குத் தனியாகக் கிடைக்கும். அதற்குத் தலைக்காசு என்று பெயர். பயணம், கடன், வேலை, கடை, மேற்பார்வை என ஐந்தும் ஒரே கயிற்றில். தொழிலாளி இதில் எதையும் தனியாக வாங்கவும் முடியாது, தனியாக விடவும் முடியாது. கடையை மாற்றலாம் என்றால் கடன் பிடிக்கும்; கடனை அடைக்கலாம் என்றால் கடை விலை பிடிக்கும்.

1907ல் ஒரு முடிச்சு மட்டும் தளர்ந்தது. அந்த ஆண்டு வந்த தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம், தென்னிந்தியத் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் எல்லாரிடமும் வரி வசூலித்தது; ஆள் சேர்க்காத முதலாளியும் கட்டியாக வேண்டும். அந்த நிதியிலிருந்து ரயில் செலவு, ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாமில் சாப்பாடு, கப்பல், இந்தப் பக்கம் தனிமை முகாம் வரை இலவசம். பயணச் செலவு தொழிலாளியின் கடன் கணக்கிலிருந்து கழன்றது. ஒப்பந்தக் கூலி முறை 1910ல் நின்றது. அரசு உதவியோடு ஆள் அனுப்புவதை 1938ல் இந்தியா தடை செய்தது. கடை, கடன், வீடு, வேலை என்ற மற்ற முடிச்சுகள் அவிழ இன்னும் காலம் பிடித்தது.

★ ஆட்களே ஒரு சரக்கு

இலங்கை மலையகத்தில் இந்தக் கங்காணிக் கட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு கங்காணி தன் கூட்டத்தோடு தோட்டம் மாற விரும்பினால், பழைய தோட்டத் துரை ஒரு ‘துண்டு’ எழுதிக் கொடுப்பார். இந்தக் கங்காணிக்கும் அவர் ஆட்களுக்கும் இவ்வளவு கடன், அதைக் கட்டுபவர் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது அதன் சாரம். கங்காணி, அவர் ஆட்கள், அத்தனை பேர் கடன் மூன்றும் ஒரே கட்டாகக் கைமாறின. கூட்டத்தில் ஒருவராக இருந்தவரிடம் ‘உனக்குச் சம்மதமா’ என்று யாரும் கேட்கவில்லை. 1921ல்தான் சட்டம் இதை ஒழித்தது.

★ வேலையோடு வீடு, வீட்டோடு பள்ளி

மலாக்காவில் தமிழ்ப் பள்ளிகள் சிலவற்றின் பெயரைப் படித்துப் பாருங்கள்: ஜாசின் லாலாங், டயமண்ட் ஜூபிலி, செர்க்காம், கெமுனிங். எல்லாம் தோட்டப் பெயர்கள். காரணம் 1920களின் தொழிலாளர் சட்டம். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் தோட்டத்தில் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். ஆக, வேலைக்குச் சேர்ந்தால் லயத்தில் வீடு, தண்ணீர், ஆயாக்கொட்டாய், டிரெஸ்ஸர் மருந்து, பள்ளி, கோயில், கள்ளுக்கடை. வாடகை என்று தனியாக எதுவும் இல்லை.

‘எல்லாம் இலவசமாகக் கிடைத்த காலம்’ என்று சில பெரியவர்கள் இன்றும் ஏக்கத்தோடு சொல்வதுண்டு. இலவசம் இல்லை, சம்பளத்தோடு கட்டப்பட்டிருந்தது. கட்டு அவிழ்ந்த நாளில்தான் அது தெரிந்தது. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கிய இடைத்தரகர்கள் முழுத் தோட்டமாக வைத்துக்கொள்ளவில்லை. துண்டு துண்டாக வெட்டி, சிறு முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். முழுசாக விற்றால் வாங்க ஒரு சிலர்தான் இருப்பார்கள், 10 ஏக்கர் என்றால் வாங்கப் பலர் இருப்பார்கள், ஏக்கருக்கு விலையும் ஏறும். மலாக்காவுக்கு வந்த கப்பலுக்கு நேர் எதிரான கணக்கு. விற்றவருக்கு லாபம். லயத்துக் குடும்பத்துக்கு வேலை போன அன்றே வீடும், தண்ணீரும், பிள்ளையின் பள்ளியும் ஆட்டம் கண்டன. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து பொருளாதார அறிஞர் உங்கு அஜிஸ் விரிவான அறிக்கையே எழுதினார்.

அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்கு மறுமொழியாகத்தான். தொழிலாளர்களிடம் மாதாமாதம் சிறு தொகை சேர்த்து, தோட்டத்தைத் துண்டாடவிடாமல் முழுசாக வாங்குவது திட்டம். முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். பேக்கேஜ் என்ற ஒன்றைத் தொழிலாளியே காசு போட்டு வாங்கிக்கொண்டது நம் சரித்திரத்தில் அநேகமாக அதுதான் முதல் முறை.

★ கள் மட்டும் கூடாது

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. அதன் 26ஆவது பிரிவை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சம்பளத்தை எங்கே செலவழிக்க வேண்டும், எப்படிச் செலவழிக்க வேண்டும், யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போட முடியாது. போட்டால் அந்த நிபந்தனை செல்லாது. 27ஆவது பிரிவு முன்பணத்துக்கு வட்டி பிடிக்கக் கூடாது என்கிறது. 28ஆவது பிரிவின்படி மதுக்கடையிலோ, கேளிக்கை இடத்திலோ, சில்லறைக் கடையிலோ வைத்துச் சம்பளம் தரக் கூடாது (அங்கேயே வேலை செய்பவர் என்றால் சரி). தோட்டக் கடையையும் கள்ளுக்கடையையும் மனதில் வைக்காமல் இதை எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாளியின் கடையில்தான் வாங்க வேண்டும் என்ற பழக்கத்தை 1831லேயே பிரிட்டன் தன் நாட்டில் சட்டம் போட்டு அடக்கியது.

29ஆவது பிரிவு இன்னும் சுவாரசியம். சம்பளத்துக்கு மேல் வீடு, சாப்பாடு, விறகு, விளக்கு, தண்ணீர், மருத்துவம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். ஆனால் போதை தரும் பானம் எதையும் வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகத் தரக் கூடாது. வீட்டையும் வேலையையும் சேர்த்துக் கட்டலாம். கள்ளையும் வேலையையும் கூடாது.

★ 555

தோட்டத்துக்கு வெளியே உள்ள மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தச் சின்னப் புத்தகம் தொங்காத காலம் உண்டா? அட்டையில் 555 என்று போட்டிருக்கும். 10 கிலோ அரிசி, மண்ணெண்ணெய், பால் டின் எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கழியும். கடைக்காரர் விற்றது இரண்டு சரக்கு: அரிசி ஒன்று, தவணை ஒன்று. தவணைக்கு வட்டி என்று தனியாக எழுதுவதில்லை. அது அரிசி விலையிலேயே இருக்கும். பட்டணத்துக் கடையில் அரிசி மலிவு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அங்கே புத்தகம் கிடையாது. இன்றைய ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ செயலிகளைப் பார்த்து பிரமிக்கும் பேரப்பிள்ளைகளிடம் பாட்டி அந்தப் புத்தகத்தைக் காட்டலாம்.

★ 2 படமும் 1,000 டாலரும்

பேக்கேஜில் வியாபாரிக்கு எங்கிருந்து கூடுதல் காசு வருகிறது? இதற்குச் சுருக்கமான விளக்கம் சொன்னவர் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர். 1963ல் எழுதினார், 1982ல் நோபல் பரிசு பெற்றார். ஹாலிவுட் கம்பெனிகள் தியேட்டர்காரர்களிடம் நல்ல படத்தோடு ஒரு சுமாரான படத்தையும் சேர்த்தே வாடகைக்குத் தள்ளிய வழக்கம் அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

இரண்டு தியேட்டர்கள். முதல் தியேட்டருக்கு நல்ல படம் 8,000 டாலர் பெறும், சுமார் படம் 2,500. இரண்டாவது தியேட்டருக்கு நல்ல படம் 7,000, சுமார் படம் 3,000. தனித்தனியாக விற்றால், இருவரும் வாங்கும்படி விலை வைக்க வேண்டுமே! நல்ல படம் 7,000, சுமார் படம் 2,500. இரண்டு தியேட்டரிலும் சேர்த்து வருவது 19,000. இரண்டு படத்தையும் கட்டி 10,000 என்று வைத்தால் இருவரும் வாங்குவார்கள். வருவது 20,000. கையில் 1,000 டாலர் கூடுதல். படத்தின் தரம் ஒரு துளி கூட ஏறவில்லை.

சூட்சுமம் இதுதான்: இருவர் ஆசையும் எதிர் எதிர்த் திசையில் இருக்க வேண்டும். ஒருவருக்கு இது அதிகம் பிடிக்கும், மற்றவருக்கு அது. இருவருக்கும் ஒரே ஆசை என்றால் கட்டி விற்பதால் கூடுதல் காசு கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948லேயே படக் கம்பெனிகளின் இந்தப் பழக்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

★ அதே கணக்கு, கல்யாணத்தில்

இப்போது மலாக்காவில் ஒரு கல்யாணப் பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபம், மணமேடை அலங்காரம், கேட்டரிங், நாதஸ்வரம், மேக்கப், புகைப்படம், டிஜே. ஒரு வீட்டாருக்கு அலங்காரம் முக்கியம், சாப்பாடு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொரு வீட்டில் அம்மாவுக்குச் சாப்பாட்டில் குறை வரக் கூடாது, மேடை எப்படியோ போகட்டும். இரண்டு வீடும் ஒரே தொகைக்கு அதே பேக்கேஜை வாங்கும். ஸ்டிக்லர் சொன்ன இரண்டு தியேட்டர்கள் இவர்கள்தான்.

பேக்கேஜைக் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 7 பேரிடம் தனித்தனியாகப் பேசி, 7 முன்பணம் கட்டி, 7 பேரும் அன்று வருவார்களா என்று தூங்காமல் கிடப்பதை விட ஒருவரைப் பொறுப்பாக்குவது பெரிய நிம்மதி. அந்த நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு, அவ்வளவுதான். உஷாராக இருக்க வேண்டிய இடம் வேறு. ‘மண்டபம் எங்களுடையது, சாப்பாடும் எங்களுடையதுதான், வெளிக் கேட்டரிங் வந்தால் அதற்குத் தனிக் கட்டணம்’ என்பார்கள். தேதி குறித்த பிறகு வேறு மண்டபம் தேட முடியாத குடும்பத்திடம் இதைச் சொல்லும்போது அது சலுகை இல்லை, நெருக்கடி. ஒவ்வொரு உருப்படிக்கும் தனி விலை எழுதி வாங்குங்கள். தர மறுப்பவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

★ இலைச் சாப்பாடும் நாசி சம்போரும்

வாழை இலைச் சாப்பாடு ஒரு பேக்கேஜ். சோறு, 3 காய், ரசம், அப்பளம், மோர் எல்லாம் ஒரே விலை; காயும் சோறும் எத்தனை முறை கேட்டாலும் வரும். பக்கத்து நாசி சம்போர் கடையில் கரண்டிக்குக் கரண்டி விலை. இலைச் சாப்பாட்டில் கொஞ்சமாகச் சாப்பிடுபவர் மூன்றாம் முறை சோறு கேட்பவருக்குச் சேர்த்துக் கட்டுகிறார். மீன் தலைக் கறியை மட்டும் எந்தக் கடைக்காரரும் இலையோடு சேர்ப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? விலை உயர்ந்த, எல்லாரும் கேட்காத பொருளைக் கட்டுக்கு வெளியே வைப்பதுதான் லாபம் என்று அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

★ தட்டோடு

தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, கற்பூரம், ஊதுபத்தி, பூ. கோயில் வாசலில் விற்கும் அர்ச்சனைத் தட்டை விடப் பழமையான பேக்கேஜ் நம்மிடம் எது? வீட்டிலிருந்தே கொண்டுவரவும் தடை இல்லை. நல்ல பேக்கேஜுக்கு அதுதான் அடையாளம் என்பேன்.

★ 3 கோயில், 1 நடை

தங்கத் தட்டார் தெருவான ஜாலான் துக்காங் எமாஸில் 1781ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், மலாக்காச் செட்டிகளுடையது. நிலம் டச்சுக்காரர்கள் தந்தது. சில அடி தள்ளி 1748ல் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதற்கு அப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். சுற்றுலா வழிகாட்டிகள் மூன்றையும் சேர்த்து ‘நல்லிணக்கத் தெரு’ என்று ஒரே நடையாகக் காட்டுகிறார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்கா ஏறியதும்கூட தனியாக இல்லை. ஜார்ஜ் டவுனோடு சேர்த்து ஒரே பதிவாகத்தான்.

மாசி மகத்துக்கு இதே பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகன் ரதம் செங் சன்னாசிமலைக்குப் போகும். நகரத்தார் குடும்பங்கள் வெளியூர்களிலிருந்தும் வந்து கூடும். நகரத்தாரின் பழைய வட்டிக்கடைக் கணக்குகளில் ‘மகமை’ என்று ஒரு வரி உண்டு. தொழிலில் வரும் பணத்தில் ஒரு பங்கு சாமிக்கு. கடன் வாங்கியவர் கட்டிய வட்டியோடு கோயில் திருப்பணியும் ஒரே பேரேட்டில் நடந்தது.

★ ஒரே குலை, இரண்டு எண்ணெய்

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு மலாக்காத் தோட்டங்களில் விற்கும் பழக்குலையே ஒரு கட்டுதான். தோலுக்கும் கொட்டைக்கும் இடையிலுள்ள சதையிலிருந்து வருவது சமையலுக்குப் போகும் செம்பனை எண்ணெய். கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்து வருவது சோப்புக்கும் மிட்டாய்க்கும் போகும் வேறு எண்ணெய். ஆலைக்காரர் குலையை டன் கணக்கில் எடை போட்டு வாங்கினாலும், விலை போடுவது உள்ளே எவ்வளவு எண்ணெய் தேறும் என்று பார்த்துத்தான். குலையின் எடையில் சுமார் 20 விழுக்காடு எண்ணெய், 5 விழுக்காடு பருப்பு. மலேசியச் செம்பனை வாரியம் குலை விலையை 1 விழுக்காடு எண்ணெய்க்கு இவ்வளவு என்று வெளியிடுகிறது. லாரியில் பத்துப் பதினைந்து பச்சைக் குலை கலந்துவிட்டால் விலை குறையும். உதிரிப்பழத்தைப் பொறுக்காமல் விடும் சிறு தோட்டக்காரர் எண்ணெய் அதிகமுள்ள பகுதியைத்தான் காட்டில் விட்டு வருகிறார்.

★ பிரித்தும் பயனில்லை

2004ல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்ட் மீது 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் போட்டது. விண்டோஸோடு பாட்டு, படம் பார்க்கும் மென்பொருளைக் கட்டி விற்றது குற்றங்களில் ஒன்று. அந்த மென்பொருள் இல்லாத விண்டோஸையும் விற்க வேண்டும் என்று உத்தரவு. கம்பெனி அப்படியே விற்றது, அதே விலைக்கு! யார் வாங்குவார்? கட்டை அவிழ்த்துக் கேட்பவர், அவிழ்த்தால் எவ்வளவு குறையும் என்றும் கூடவே கேட்க வேண்டும்.

★ சாலை வரியும் காப்புறுதியும்

இந்த நாட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எல்லாரும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பேக்கேஜ் வாங்குகிறார்கள். காப்புறுதி இல்லாமல் சாலை வரி புதுப்பிக்க முடியாது. சட்டமே போட்ட முடிச்சு. மோதப்படும் மூன்றாம் ஆளுக்கு நஷ்ட ஈடு கிடைக்க வேண்டும் என்பதால் இந்த முடிச்சு நியாயம். ஆனால் சட்டம் கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே. முகப்பில் இருப்பவர் கூடவே சேர்க்கும் தனிநபர் விபத்துக் காப்பு, சாலை உதவி எல்லாம் உங்கள் விருப்பம். வீட்டுக் கடனோடு வரும் எம்ஆர்டிஏ காப்புறுதியிலும் இதையே கேளுங்கள். எடுத்தால் வட்டி குறையும் என்று பல வங்கிகள் சொல்லும். குறைவது எவ்வளவு, காப்புறுதிக் கட்டணம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிப் பாருங்கள்.

★ எண்ணெய்ப் பொட்டலத்தோடு மீ

2 வெள்ளி 50 காசு உதவித்தொகை எண்ணெய்ப் பொட்டலம் தட்டுப்பாடாக இருக்கும்போது சில கடைகளில் ‘மீ பாக்கெட்டும் வாங்கினால்தான் எண்ணெய்’ என்பார்கள். இதற்கு நிபந்தனை விற்பனை என்று பெயர். கட்டுப்பாட்டுப் பொருளில் இப்படிச் செய்வது 1961 விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம். பெரிய கம்பெனிகளுக்கு வேறொரு சட்டம் உண்டு. 2012 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள 2010 போட்டிச் சட்டம், சந்தையில் கைமேலோங்கிய நிறுவனம் சம்பந்தமில்லாத இன்னொன்றை வாங்கும்படி நிபந்தனை போடுவதைத் துஷ்பிரயோகம் என்கிறது.

★ காசா, கட்டா?

2022 பொங்கலுக்குத் தமிழ்நாட்டு அரசு 21 பொருள் கொண்ட தொகுப்புப் பையை ரேஷன் அட்டைக்காரர்களுக்குக் கொடுத்தது. தரம் பற்றிக் கூச்சல் எழுந்தது. மறு ஆண்டு பச்சரிசி 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, ஒரு முழுக் கரும்பு, கையில் 1,000 ரூபாய். நம் நாட்டில் 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் மைகார்டு வழியாகக் கிடைத்த 100 வெள்ளி சாரா உதவி இரண்டுக்கும் நடுவில் நின்றது: பொருளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் பதிவு பெற்ற கடையில், பட்டியலில் உள்ள அடிப்படைப் பொருள் மட்டும். என்னைக் கேட்டால் 21 பொருள் பையை விட இது மேல். எந்தக் குடும்பத்துக்கு எது தேவை என்று அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

★ 5 வெள்ளி

பேக்கேஜில் சொன்ன உருப்படி ஒன்று வரவில்லை, தரம் வேறாக இருந்தது, பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது? 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம். விண்ணப்பக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. எதிர்த்தரப்பும் பொதுவாக வழக்கறிஞரை வைத்துப் பேச முடியாது. 3 வருஷத்துக்குள் போட வேண்டும். அதுவரை ரசீதையும், பேக்கேஜில் என்னென்ன உண்டு என்று அச்சடித்துக் கொடுத்த தாளையும், வாட்ஸ்அப்பில் பேசிய பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.